திருப்பிக் கொடுத்த பச்சை

ஓபெல் கோர்சா, வயது பத்தொன்பது.
சந்தையில் எண்ணூறு யூரோ போகும்,
டாங்க் நிரம்பியிருந்தால்.
முழுதாகப் பூச வேர்க்ஸ்டாட்டில் கேட்டது
ஆயிரத்து எழுநூறு.
குகதாசன் பேக்கரி பில்லின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்துவிட்டு
"சுண்டைக்காய் கால் பணம்..." என்று தொடங்கி
என் முகத்தைக் கண்டு
சுமைகூலியை விழுங்கினான்.

பின்சக்கரத்து வளைவில் விரலால் தட்டினேன்.
பொரித்த அப்பளம்.
எண்பதாம் நம்பர் தாள், தகடு மினுங்கும்வரை.
பிறகு நூற்றெண்பது.
பிறகு நானூறு, தண்ணீர் தொட்டுத் தொட்டு.
பார்சல் கிடங்கில் பின்னேர வேலை முடிந்து
இரவு பதினொன்றுக்கு மேல்
வாடகைக் கராஜின் ஒற்றை பல்பில்
சாம்பல்நிறச் சேறு முழங்கைவரை வழிந்தது.
சுவரில் உரிமையாளர் வீட்ஹொஃபின் அறிவித்தல்:
ஸ்ப்ரே அடிக்கத் தடை.
சரி. ரோலர் இருக்கிறது.

ப்ரைமரில்தான் பிழைத்தேன்.
ஒன்பது யூரோ தொண்ணூற்றைந்து,
அலமாரியில் அதுதான் ஆகக் குறைவு.
பொனெட்டில் பூசி, கைகழுவி வருவதற்குள்
பழைய பூச்சு காய்ச்சிய பாலில் ஆடைபோலச் சுருங்கி
ஒரு மூலைக்கு ஒதுங்கியிருந்தது.
எனக்கு முன் இதை வைத்திருந்தவன்
எதை எதன்மேல் பூசினானோ.
குகதாசன் ஒன்றும் சொல்லவில்லை.
பில்லின் பின்பக்கத்தில்
இன்னொரு வரிக்கு இடம் விட்டான்.

ஸோஸ்ட் முடிந்து
சீனிக்கிழங்கு வயல் தொடங்கும் இடத்தில்
விவசாயக் கூட்டுறவுக் கடை.
சட்டைக் கையில் வைக்கோல் ஒட்டிய பெடியன்,
பெயர்ப்பட்டையில் யானிக்.
"கீழே என்ன பெயின்ற்?"
"தெரியாது."
"அப்ப அதையே கேளுங்கோ" என்ற மாதிரி
ஜெர்மனில் ஏதோ சொல்லி
தின்னர் நனைத்த துணித்துண்டை வாகனத் தரிப்பிடம்வரை கொண்டுவந்தான்.
கதவில் வைத்து முப்பதுவரை எண்ணினோம்.
துணியில் வெள்ளி நிறம் ஏறியது.
கரைகிறது. காட்டமானது எதுவும் இதற்கு ஆகாது.
தகட்டுக்குத் துருத்தடுப்பு ப்ரைமர், பதினான்கு யூரோ.
மேலே, டிராக்டருக்குப் பூசும் சாதாரண எனாமல்.

டிராக்டர் சிவப்பு, டிராக்டர் நீலம்.
இரண்டுக்கும் விலை ஒன்று.
தரையோடு கிடந்தது அந்த டின்,
மூடியில் கறுப்பு மார்க்கரில்
"பிழை" என்று ஜெர்மனில் எழுதி.
யாரோ ட்ரெய்லருக்குக் கலக்கச் சொன்ன பச்சை,
அவர் சொன்ன பச்சை இல்லையாம்.
இரண்டரை லிட்டர், பன்னிரண்டு யூரோ.
குச்சியால் கலக்கிக் காட்டினான்.
மழையில் நனைந்த இந்த ஊர்த் தேவாலயத்துக் கல்,
அதிலும் கொஞ்சம் அழுக்காக.
"வேணும்" என்றேன்.

பால்போல நீர்த்து, மெல்லிசாக, ஒரு நாளுக்கு ஒரு பூச்சு.
வெளியே பன்னிரண்டு டிகிரி.
நான்காம் பூச்சில் ஒரு பூச்சி,
ஆறு காலும் விரித்து.
தோடம்பழத் தோல்மாதிரி வந்த இடங்களை
எண்ணூறாம் தாளால் தேய்த்தேன்.
பல்பைப் பிடிக்க வந்த குகதாசன்
டேப் ஒட்டினான், பிறகு
ரோலரை இப்படியா பிடிப்பது என்றான்,
பிறகு இடது பின்கதவை
என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான்.
ஆறு பூச்சு அவனுக்கு எதற்கு?
ஒரே மூச்சில், ஒரே பூச்சு.

இப்போது கிடங்கு வாசலில் நிற்கிறது கார்.
பரவாயில்லை என்கிறார்கள்,
பத்தடி தள்ளி நின்றால்.
அந்தக் கதவின் கைபிடிக்குக் கீழே
குண்டாக ஒரு சொட்டு
இறங்க நினைத்து நின்றிருக்கிறது.
ஐந்து கிழமை ஆகிறது.
வேலை முடிந்து வரும் ஒவ்வொரு இரவும்
நகத்தால் மெல்ல அழுத்திப் பார்க்கிறேன்.
மேலே தோல் கட்டிவிட்டது.
உள்ளே இன்னும் காயவில்லை.